பேசியவர்கள்

ஒன்பதாம் வகுப்பில் என் கையெழுத்து
அழகாக இருந்தது. அதுதான் வினை.
தேவசகாயம் சார் சாக்பீஸை நீட்டினார்:
"நான் வர்ற வரைக்கும் பேசுறவன் பேரை எழுதி வை."

பலகையின் இடது ஓரத்தில் கோடு கிழித்து
தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டேன்.
முதல் பெயர் அழகுராசா.
இரண்டாவது பெயர் வருவதற்குள்
அவனுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி,
இன்னொன்று,
அப்புறம் மி.பே., மிகவும் பேசினான்,
அப்புறம் மி.மி.பே.
சன்னலுக்கு வெளியே யானைமலை
தும்பிக்கையை நீட்டிப் படுத்திருந்தது,
வாயே திறக்காமல்.

அப்படி என்னதான் பேசினான்?
நரசிங்கத்தில் பஸ் ஏறிய நாய்
ஒத்தக்கடையில் சரியாக இறங்கிக்கொண்டது.
மாட்டுத்தாவணியில் கக்கூஸ் ஏலம்
எத்தனை லட்சத்துக்குப் போனது.
எல்லாம் செய்தி வாசிப்பவர் குரலில்.
சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.
பிரம்பு அவன் உள்ளங்கையில் விழும்போது
நான் சுவரில் டஸ்டர் தட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பு என்றால்
மாலை ஸ்பெஷல் கிளாஸ்தான் ஞாபகம்.
ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல்,
கீழே பசியில் ஐம்பத்திரண்டு பேர்,
ரோட்டிலிருந்து பருத்திப்பால் வாசம்.
கணக்கில் அவனுக்கு முப்பத்தஞ்சு.
"ஒரு மார்க்கக்கூட வேஸ்ட் பண்ணலடா" என்றான்.

பதினொன்றில் சைக்கிள் கொடுத்தார்கள்.
எல்லாம் ஒரே நிறம், ஒரே பெல்.
அடையாளத்துக்கு ஜெரினா மட்கார்டில்
நெயில்பாலிஷால் ஒரு மீன் வரைந்தாள்.
என் டயர் பஞ்சரான நாளெல்லாம்
திருமோகூர் ரோட்டில்
அழகுராசாவின் கேரியரில் போனேன்.
காற்றுக்கு எதிராக மிதித்தபடி
காற்றைவிடச் சத்தமாகப் பேசுவான்.
பாதி எனக்குக் கேட்காது.
"ம்" கொட்டுவேன்.

அந்த வருடம்தான்
பிப்பெட்டை ஒரு இழுப்பு கூடுதலாக உறிஞ்சி
வாய் வெந்துபோனான்.
ஸ்டெல்லா டீச்சர் குழாயைத் திறந்துவிட்டு
அழாத குறையாக நின்றார்.
அடுத்த பீரியட் முழுக்க
கைக்குட்டையை உதட்டில் வைத்து
அவன் ஒரு சொல் பேசவில்லை.
அன்றும் எழுதினேன் அவன் பெயரை.
பழக்கத்தில்.
இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை.
எழுந்து கையை நீட்டினான்.

பன்னிரண்டில்
வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மேல்
சிவப்பு மையில் ஒரு கோடு.
காரணத்தை மூன்று பேர் மூன்றாகச் சொன்னார்கள்.
போய்க் கேட்டிருக்கலாம்.
எனக்கு ரெக்கார்டு நோட்டு இருந்தது,
தவளையின் இதயத்துக்கு
அம்புக்குறி போட வேண்டியிருந்தது.
வகுப்பு ஒழுங்காகிவிட்டது.
கோடு கிழித்து, தலைப்பு எழுதி நிற்பேன்.
கீழே வெறும் பலகை.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரவில்லை.
அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய ராத்திரி,
கல்பாலத்துக்குக் கீழே மணலில்
துண்டு விரித்துப் படுத்திருந்தோம்.
குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது:
"மஞ்சக் கவுன், நாலு வயசுப் பாப்பா,
பேரு கேட்டா பிஸ்கட்னு சொல்லுது,
பெத்தவுங்க சீக்கிரம் வாங்க,
பாப்பா எங்க பிஸ்கட்டைத் தீக்குது."

எழுந்து உட்கார்ந்தேன்.
கூட்டத்தைப் பிளந்து
கொட்டகைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்.
கழுத்தில் ஈரத்துண்டு, மீசை அரும்பியிருந்தது.
மைக்குக்கு மேலே என்னைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே அறிவித்தான்:

"ஒத்தக்கடை நாகரத்தினம்,
வயசு பதினேழு, ஊதாச் சட்டை,
எங்கிருந்தாலும் மைக்செட் கொட்டகைக்கு வரவும்."

நான் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.
திரும்பவும் வாசித்தான்.
மூன்றாம் முறை, நிறுத்தி, இழுத்து:
"மி... மி... பே."

ஆறு முழுக்க அது கேட்டது.
ஒருத்தருக்கும் புரியவில்லை.
நான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் மஞ்சள் கவுனின் அம்மா
தலைவிரிகோலமாக ஓடிவந்து
என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு
உள்ளே போனாள்.